மேசை பதினான்கு

லெபு பசார் முனையில் எங்கள் கடை.
மாடியில், தாளிக்கும் புகை ஏறிவரும் சன்னலோரம்
நட்சத்திரங்களுக்குப் பதில் எழுதுவது
என் வேலை.

ஐந்துக்கு நன்றி.
மூன்றுக்கு வருத்தம் கலந்த நன்றி.
ஒன்றுக்கு, முதலாளியைக் கேட்டுவிட்டு நன்றி.
"ரசம் தண்ணியாக இருந்தது" என்றார் ஒருவர்.
வேறெப்படி இருக்க வேண்டும் என்று
தட்டிவிட்டு அழித்தேன்.
கப்பல் வந்து நிற்கும் நாள்களில்
இலை முழுதும் படத்தில் விழ
நாற்காலி மேல் ஏறி நிற்பார்கள்.
சோறு ஆறும்.
ஆறிய சோற்றுக்கு நட்சத்திரம் இரண்டு குறையும்.

கீழே, பூனைமுகம் ஒட்டிய இயந்திரம்
தட்டுகளோடு உருண்டு போகும்,
வழிவிடச் சொல்லி மலாயில் கெஞ்சும்,
காதைத் தடவினால் சிரிக்கும்.
தட்டு ஏற்றிவிடும் ரஃபீக் அதைத் தம்பி என்பான்.
சம்பளம் கேட்காத தம்பி.

தவநேசன் பி., நிலை ஏழு விமர்சகர்,
எப்போதும் மூன்று நட்சத்திரம்.
"பாகற்காய் வறுவல் பரவாயில்லை.
காற்றாடி சத்தம் போடுகிறது."
நான்கு வருடமாக அவர் படங்களில் இரண்டு இலை.
எதிர் இலையின் ஓரத்தில்
பச்சைக் கடிகாரப்பட்டை கட்டிய ஒரு கை
தன் அப்பளத்தை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே இருக்கும்.

மார்ச்சிலிருந்து ஒரே இலை.

நான் நினைத்ததைத்தான் நீங்களும் நினைக்கிறீர்கள்.
ஒரு வாரம் அந்தப் படத்துக்குப் பதில் எழுத
விரல் வரவில்லை.

பிறகொரு சனிக்கிழமை
மதுரவாணி கே., புதுக்கணக்கு, முதல் விமர்சனம்,
நான்கு நட்சத்திரம்:
"பழைய மேசை. தனியாகச் சாப்பிட்டேன்.
என் அப்பளத்தை நானே தின்றேன்.
இவ்வளவு மொறுமொறுப்பா இது?"
படத்தில் பச்சைப் பட்டை.

அடிப்பாவி, உயிரோடுதான் இருக்கிறாயா என்று
வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

அவர் செவ்வாய். அவள் சனி.
இருவருக்கும் மேசை பதினான்குதான்.
மூலையில் ஒட்டிய கட்டப்படத்தின் மேல்
கைப்பேசியைக் காட்டுகிறார்கள்.
எனக்கு வந்து விழுகிறது:
தே தாரிக் ஒன்று.
தே தாரிக் ஒன்று, குராங் மானிஸ்.
யார் சீனியைக் குறைத்தார்கள்,
யார் எவ்வளவு நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள்,
எல்லாம் தெரிகிறது.
பசியாறியாச்சா என்று கேட்பது நம் ஊர் வழக்கம்.
யாரோடு என்று கேட்பதில்லை.
இந்தத் திரைக்கு அந்த மரியாதை
யாரும் சொல்லித் தரவில்லை.

இன்று காலை அது ஒரு பட்டியல் நீட்டியது.
நெடுநாள் வாடிக்கையாளர்கள்:
இருவருக்கான வாழையிலை விருந்து,
இருபது விழுக்காடு கழிவு,
உங்கள் துணையோடு வாருங்கள்.
பட்டியலில் அவரும் அவளும் அடுத்தடுத்த வரி,
இன்னும் ஒரே முகவரி.
அனுப்பவா? ஆம். இல்லை.

"அனுப்பிட்டியா?" கீழிருந்து கோமளவல்லி அம்மா.
கப்பல் கூட்டம் நுழைந்துவிட்டது.
பூனை யார் காலிலோ முட்டி
மன்னிப்புக் கேட்டபடி அங்கேயே நிற்கிறது.

துணையை அழித்தேன்.
இருவரை அழித்தேன்.
விழுக்காடும் அதோடு போய்விட்டது, போகட்டும்.
வெறுங்கட்டத்தில் எழுதினேன்:
அடுத்த முறை வரும்போது ஓர் அப்பளம் கூடுதல்.
எங்கள் செலவு.
நாள் குறிக்கவில்லை.
செவ்வாயும் சனியும்
அவர்களாகப் பிரித்துக்கொண்டவை.

ஆம் என்பதை அழுத்திய பிறகுதான் பார்த்தேன்,
அந்த இரண்டு வரியை மட்டும் நான் தேர்ந்தெடுக்கவில்லை.
முந்நூற்றுப் பதினொரு பேருக்கும் போயிருந்தது.

இன்னொரு டின் எண்ணெய் வேண்டும் என்று
ரஃபீக்கிடம் போய்
யார் சொல்வது.