சில்லறை

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால்
பணிமனைக்குப் பின்னாலிருக்கும் யூகலிப்டஸ் மரத்தில்
கூட்டிலிருந்து விழுந்தது லிமோன்.
கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தேன்.
எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.
பேசும் என்றே நினைக்கவில்லை.

ஜூன் மாத விடியல். மொன்டெவிடியோ முழுக்க
ஆற்றுப் பனி ஏறியிருந்தது.
கரண்டி கைநழுவி விழுந்தது.
நான் வாய் திறக்கும் முன்பே
கூண்டிலிருந்து ஒரு குரல்:
"மக்கு. மக்கு. இதுகூடத் தெரியாதா உனக்கு."

என் குரல்.
கொஞ்சம் மூக்கடைத்த, கடைசிச் சொல்லை
ஈரத்துணிபோல் உதறுகிற
அதே குரல்.

யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன்.
கேட்ட பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன்.
ஒரு நாற்காலி. ஒரு தலையணை. ஒரு மாத்தேக் குடுவை.
சந்தேகப்பட வேறு ஆள் இல்லை.

செர்ரோ மருத்துவமனையில்
சளி பிடித்த இளம் மருத்துவர்
கிளிக் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு வரி எழுதினார்:
நான் எனக்குப் போதும்.
தினமும் காலையில், கண்ணாடி முன், ஏழு முறை.
சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டேன்.
அதற்குச் சிரித்தார்.

சொன்னேன்.
கட்டணப் பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னேன்.
நாக்கில் நாணயத்தின் ருசி.
செத்துப்போன யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு
கடைக்குப் போவதுபோல் இருந்தது.
வேகமாகச் சொன்னால் முன்சொற்கள் கரைந்து
போதும், போதும் என்று மட்டும் கேட்டது.
ஆயுளுக்கும் நான் எனக்குச் சொல்லிவந்தது
அதுதான் என்று
ஆறாவது முறையில் தெரிந்தது.
ஏழாவதைச் சொல்லவில்லை.

கண்ணாடியை விட்டுவிட்டு
லிமோனிடம் சொல்லிப் பார்த்தேன்.
தலையைச் சாய்த்துக் கேட்டது,
சூரியகாந்தி விதையின் தோலை
என் சட்டைமேல் துப்பியது.
சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை.
பதினொரு வாரம் சொன்னேன், ஒரு எழுத்து வரவில்லை.
சொல்லிக்கொடுக்காததை மட்டும்
அட்சரம் பிசகாமல் சொன்னது.

இருபத்திரண்டு வருடமாக நான் பேருந்து நடத்துநர்.
ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை.
ஓர் ஆள் ஏறினார். மீன் வாடை, நனைந்த காலணி.
கட்டணத்துக்கு நாலு பெசோ குறைந்தது.
சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையை,
மறுபடி சட்டைப் பையை.
வரிசை முணுமுணுத்தது.
உதடு மட்டும் அசைய
தன்னையே அவர் திட்டிக்கொண்டார்.
எந்தச் சொல் என்று எனக்குத் தெரியும்.

"பரவாயில்லை," என்றேன். "உட்காருங்கள்."
நாலு பெசோவை என் காசிலிருந்து போட்டேன்.

அவ்வளவுதான். அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது.
ஆனால் அந்தக் குரல்,
அந்தச் சூடு, அந்த நிதானம்,
இத்தனை நாளும் என் தொண்டையில்தானே இருந்திருக்கிறது?
ஊருக்கெல்லாம் சில்லறையாகக் கொடுத்துவிட்டு
மிச்சத்தைப் பணிமனை ஆணியில்
சீருடையோடு மாட்டிவிட்டு
வெறுங்கழுத்தோடு வீடு வந்திருக்கிறேன்.

அன்றிரவு மருத்துவர் எழுதிய சீட்டை
மேஜைக் காலுக்கு அடியில் மடித்து வைத்தேன்.
ஆட்டம் நின்றது. அதுவும் ஒரு குணம்தான்.

சாவி தொலைந்தபோது, கணக்கு இடித்தபோது,
தங்கை பிறந்தநாள் மறுநாள் நினைவுக்கு வந்தபோது
சொல்லிப் பார்த்தேன்:
பரவாயில்லை, சுல்மா. உட்கார்.
கூச்சமாக இருந்தது.
சில நாள் மறந்தேன். சில நாள் பழையதே வந்தது;
அதற்கு இந்த வீட்டில்
விளக்குப் போடாமலே வழி தெரியும்.

செப்டம்பரில் ஒருநாள் பால் பொங்கி வழிந்தது.
அடுப்பு அணைந்தது, கருகல் நாற்றம்.
லிமோன் சிறகு கோதுவதை நிறுத்தியது.
"மக்கு," என்றது.
கொஞ்சம் யோசித்தது.
"உட்கார்."

உட்கார்ந்தேன்,
இருந்த ஒரே நாற்காலியில்.
பால் தன்பாட்டுக்கு
கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.