இடது முழங்கால் கவசம்

கல்லூரிகளுக்கிடையிலான பேஸ்பால் இறுதிப்போட்டிக்குப்
பல்கலைக்கழகம் அனுப்பிய சாக்குமூட்டையில்
மட்டைகள் நான்கு, பந்துகள் பதினொன்று,
கேட்சருக்கான கவசம் ஒன்றே ஒன்று.
"மாத்தி மாத்திப் போட்டுக்கோங்க" என்றார் பரப் சார்,
ஏதோ குடையைச் சொல்வதுபோல.

சாந்தாகுரூஸ் கிழக்கு.
கிரிக்கெட் பிட்ச்சின் மேல் கோணி விரித்து
யாரும் மிதிக்காமலிருக்கக்
காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.
எங்களுக்கு மிச்ச நிலம்.
இரண்டாவது பேஸ் ஒரு கால்மிதியடி,
அதில் மராத்தியில் 'சுஸ்வாகதம்'.

எதிரணியின் கேட்சர் ஹர்ஷதா தாண்டேல்,
என்னைவிட அரையடி உயரம்.
முதல் பாதி முடிந்ததும் முகமூடியைக் கழற்றி நீட்டினாள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.
வார்களை மூன்று துளை இறுக்கினேன்.
அடுத்த பாதியில் அவள் மூன்று துளை தளர்த்தினாள்.
இறுக்கினேன். தளர்த்தினாள்.
இரண்டாவது இன்னிங்ஸில் தோள் வார் அறுந்தபோது
தன் ஜெர்சியிலிருந்து ஊக்கு ஒன்றைக் கழற்றிக் குத்திக்கொண்டாள்.
எனக்குத் தரும்போது அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காவதில்
முகமூடியின் உள் பஞ்சில்
என் தேங்காய் எண்ணெயும் அவள் ஷாம்பூவும் போய்
யாருடையதுமில்லாத மூன்றாவது வாசனை.
அவள் வியர்வை ஊறியதை என் நெற்றியில் அழுத்திக்கொண்டுதான்
அவள் ஆட்களை வீழ்த்த ஜாடை காட்டினேன்,
தொடைகளுக்கு நடுவே
ஒரு விரல் என்றால் வேகம், இரண்டு விரல் என்றால் வளைவு.
ஷாயிஸ்தா தலையசைப்பாள். வீசுவாள்.

வேலியோரம் வடாபாவ் தின்றுகொண்டிருந்தவர் கேட்டார்,
"ஸ்கோர் என்ன?"
மூணுக்கு மூணு.
"எத்தனை ஓவர்ல?"
ஆறு இன்னிங்ஸ்ல.
பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டு
மிளகாயைக் கடித்தார்.

ஏழாவது. கடைசிப் பாதி. இரண்டு பேர் அவுட்.
சுஸ்வாகதத்தின் மேல் நிற்பவள் ஹர்ஷதா.
அடி இடப்பக்கம் போனது, தரையோடு.
லவினா பாய்ந்தெடுத்து எறிந்தாள்,
இந்த வருஷம் முழுக்க அவள் எறிந்ததிலேயே நேரான எறி.
அந்நேரம் பார்த்து ஒரு விமானம்
சக்கரங்களை விரித்துக்கொண்டு தலைக்கு மேல் இறங்க,
மைதானம் முழுக்க வாய்கள் மட்டும் அசைந்தன.
பந்து வந்தது. அவளும் வந்தாள்.
கையுறையை அவள் தோளில் வைத்தேன்.
வைத்தேன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.
செம்மண்ணில் இருவரும் புரண்டு எழுந்தபோது
பந்து சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டித்
தனியாகக் கிடந்தது.
நடுவர் இரு கைகளையும் கிடையாக விரித்தார்.
சத்தம் பிறகுதான் வந்தது.

அவளைத் தூக்கினார்கள், தவறவிட்டார்கள், மறுபடி தூக்கினார்கள்.
ஷாயிஸ்தா வீசிய இடத்திலேயே உட்கார்ந்து
ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாள்,
திரும்பவும் அவிழ்த்தாள்.
நான் வார்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
ஏனென்று யோசிக்கவில்லை.
கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஹர்ஷதா வந்தாள்,
கை நீட்டினாள்.
முகமூடியைக் கொடுத்தேன்.
மார்க்கவசத்தைக் கொடுத்தேன், ஊக்கோடு.
வலது முழங்காலுடையதையும் கொடுத்து
இடதுக்குக் குனியும்போதுதான்,
அவள் முகமூடியைப் பாதி மாட்டியிருந்தபோதுதான்,
எட்டாவது இன்னிங்ஸ் கிடையாது என்பது
இருவருக்கும் உறைத்தது.

கம்பிகளுக்குப் பின்னால் சிரித்தாளா, தெரியாது.
பல் தெரிந்தது.

வடாலாவில் வண்டி மாறக் காத்திருக்கையில்
பூக்கூடையோடு பக்கத்தில் நின்ற பெண்
என் காலைக் காட்டி, "அடி பலமா?" என்றாள்.
குனிந்து பார்த்தேன்.
இடது முழங்காலில் கவசம்,
வார் என் துளையில்.
"என்னுதில்லைங்க" என்றேன்.
அவளுக்கு என்ன புரிந்ததோ.
அதற்குள் பன்வேல் வண்டி வந்துவிட்டது.