ஸ்டேஷன் நாலு

மதுரையிலிருந்து வந்த பவதாரணி
எங்கள் வள்ளத்தில் ஆறு தடவை ஏறினாள்.
துடுப்பு நான்.
கழுவிக் காயவைத்த குப்பிகள், ஐஸ் பெட்டி,
சேறு அள்ள ஒரு பிளாஸ்டிக் கரண்டி.
இரும்பு ஆகாதாம், அளவைக் கெடுக்குமாம்.

ஆற்றங்கரையில் வைகை கடலைத் தொடுவது
எப்போதாவதுதான்.
தொட்டால் வழியிலுள்ள ஊரையெல்லாம்
கூட்டிப் பெருக்கிக் கொண்டுவந்து கொட்டும்.
"எல்லாம் உங்க ஊர் அழுக்கு தாயி" என்றேன்.
சிரித்தாள்.

நாங்கள் மடவைக்கிடங்கு என்கிற இடத்தில்
சேறு எடுத்து
ஸ்டேஷன் நாலு என்று சீட்டு ஒட்டினாள்.
மடவை அங்கே ஏறி வருசமாச்சு,
பேரை மாற்றாதே என்று எந்த வாயால் சொல்வது.

மதியம் வீட்டில் நண்டுக் குழம்பு.
காலை உடைத்து உறிஞ்சினாள்,
சோறு மறுபடி வாங்கினாள்,
ஓட்டுக்குள் இருந்த மஞ்சளை மட்டும்
தட்டின் ஓரம் ஒதுக்கிவிட்டாள்.
டவுன் பிள்ளைக்கு ருசி தெரியவில்லை என்று
அதை வழித்து என் மகள் வாயில் வைத்தேன்.

ஆடி கழிந்து தாள் வந்தது.
காட்மியம், பேரே புதுசு.
செம்பு, துத்தநாகம், கொஞ்சம் கொஞ்சம்.
ஈயம்:
ஆற்று வாயில் குறைவு.
ஸ்டேஷன் நாலில்
எண்ணைச் சுற்றிச் சிவப்பில் ஒரு சுழி.

அதற்கு நேர் மேலே, கரையில்
ஆலை ஒன்றும் இல்லை.
என் புருசன் நம்புராசனின் ஓலைக்கொட்டகை.
செத்த பேட்டரியைக் கிலோக் கணக்கில் வாங்கி
உடைத்து, ஆசிட்டைச் சாய்த்து, அலசிவிட்டு
வாணலியில் உருக்கி
வலைக்குக் குண்டு வார்க்கிறார்.
எட்டு ஊர் வலை எங்கள் ஈயத்தில்தான் முங்கும்.
வலை அறுந்தால் குண்டு அங்கேயே தங்கும்.

கயிற்றில் கோத்ததைப்
பல்லால் கடித்து மடக்குவது நான்.
லேசாக இனிக்கும்.
யாரிடமும் சொன்னதில்லை.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
வள்ளத்தில் அன்றைக்கு
நான் காட்டிய பல்.

ராத்திரி போன் பண்ணினாள்.
"அக்கா, யார் பேரும் எழுதல.
ஸ்டேஷன் நாலுன்னு மட்டும்தான்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"மஞ்சளைத் திங்காதீங்க. அதுலதான் சேரும்."
அப்பவே ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றி
கேட்காமல் வைத்துவிட்டேன்.

கொட்டகையில் அடுப்பு எரிகிறது.
விடியுமுன் மூணு வலைக்குக் குண்டு கொடுக்கணும்,
முன்பணம் வாங்கித் தின்றாச்சு.

மகள் நண்டு ஓட்டைப் பிளந்து
விரலால் மஞ்சளை வழித்து
"உனக்கு" என்று நீட்டுகிறாள்.