பற்று வரவு

தகரப்பெட்டிதான் என்னைக் கரைசேர்த்தது.
மெர்குயிக்குத் தெற்கே, காற்று திரும்பிய இரவில்
படகு போயிற்று. சுக்கான் பிடித்த கோ டின் போனான்.
நூற்றுப் பதினேழு புரோநோட்டுகள்
மெழுகுத்துணிக்குள் நனையாமல் கிடந்தன.
அதற்காக அன்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.
கோ டின்னுக்காக அழுதது மறுநாள்தான்.

முதலில் பேரேடு எழுதினேன்.
உ போட்டு, சிவமயம் போட்டு,
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று.
வரவு: இளநீர் மூன்று.
பற்று: செருப்பு ஒன்று, அலை கொண்டுபோனது.
வரவு: பாறைக்குழியில் தண்ணீர், சுமார் அரைப்படி.
தீவை எனக்குக் கடன்பட்டவனாகவே பார்த்தேன்.
எப்படியும் வசூலாகிவிடும் என்றிருந்தேன்.

ஐந்தாம் நாள் வயிறு பேரேட்டை மூடியது.
பாறையெங்கும் சிப்பிகள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன.
பேனாக்கத்தி முனை ஒடிந்தது.
நீர் வற்றியதும் இறங்கிவந்த ஒரு குரங்கு,
ஒற்றைக் காது கிழிந்தது,
கையடக்கக் கல்லை எடுத்து
ஓடு மூடும் இடத்தில் இரண்டு தட்டு.
உறிஞ்சியது. அடுத்ததற்குப் போனது.
போகும்போது கல்லை விட்டுப் போனது.
நாற்பத்தாறு வயதில், முழங்கால் நீரில் நின்று
அது போட்ட கல்லை எடுத்தேன்.

நெருப்புக்குக் கண்ணாடி இருந்தது,
கணக்கு பார்க்கப் போடும் தடித்த கண்ணாடி.
பற்றத்தான் ஒன்றுமில்லை.
தாழை பச்சை. பாளை ஈரம்.
உலர்ந்தது பெட்டிக்குள் மட்டும்.

காலாவதியானதில் தொடங்கினேன்; முறை அதுதானே.
மூன்று வருஷம் தாண்டிய ஒன்பது நோட்டுகள்
ஒன்பது நாள் நண்டு வேகவைத்தன.
பிறகு செத்தவர்கள். பிறகு ஊரைவிட்டு ஓடியவர்கள்.
பிறகு, தரமாட்டார்கள் என்று எனக்கு மட்டும் தெரிந்தவர்கள்.
ஒவ்வொன்றையும் படித்துவிட்டே வைப்பேன்.
பெருவிரல் ரேகைதான் முதலில் போகும்,
குளம் வற்றுவதுபோல், வளையம் வளையமாக.
ஸ்டாம்பில் ராஜா தலை கடைசியில் சுருளும்.

மா தான் யின் நோட்டு கைக்கு வந்தது
கங்கைச் சாகவிடாமல் காத்த மழை இரவில்.
நாற்பது ரூபாய். தவாய்ச் சந்தையில் வெற்றிலைக் கடை.
வட்டிக்கு ஈடாக அவள் காதுத் தோட்டைக் கேட்டிருந்தேன்.
திருகு அசையவில்லை. எண்ணெய் வாங்கிவரச் சொல்லி
விசிறிக்கொண்டு காத்திருந்தேன்.
அந்த எண்ணெயையும் அவள் கணக்கில் எழுதினேன்.
நோட்டு நீலமாக ஒரு நிமிஷம் எரிந்தது.
மன்னிப்பு என்று சொல்லமாட்டேன். குளிராக இருந்தது.

பற்று, பற்று என்று
எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்.
அந்தச் சொல்லுக்குள் தீ இருந்தது
அங்கே உட்கார்ந்துதான் தெரிந்தது.

ஏழாவது வாரம் சலோன்காரர்களின் படகு வந்தது.
பிள்ளை, நாய், அடுப்பு எல்லாம் ஒரே மரத்துக்குள்.
வேகவைத்த கிழங்கு ஒன்று கொடுத்தார்கள்.
எவ்வளவு என்று பர்மிய மொழியில் கேட்டேன்.
அந்தப் பெண் இன்னொன்றை எடுத்து வைத்தாள்.
போதவில்லை என்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

மெர்குயித் துறையில் மேலாள் என்னைக் கட்டிக்கொண்டார்.
கட்டிக்கொண்டபடியே என் தோளுக்குப் பின்னால் தேடினார்.
"பெட்டி?"
"கடலோடு."

ஆடியில் கருவாட்டுக்கார ஊ ப்வா
கிட்டங்கிக்குத் தானே நடந்து வந்து
பதினெட்டு ரூபாயை எண்ணி வைத்தான்.
அவன் நோட்டில் நான் ஆமை முட்டை சுட்டிருந்தேன்.
வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தது.
கை வாங்கிக்கொண்டது.
கைக்கு இன்னும் தீவு எட்டவில்லை.

அன்றிரவு புதுப் பேரேட்டில், வரவுப் பக்கத்தில்,
காது கிழிந்த குரங்கு, கல் ஒன்று, என்று எழுதினேன்.
அதன் கீழே, கோ டின்.
தொகைக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டேன்.

வருஷக் கடைசியில் ஐந்தொகை பார்க்க வந்தவர்
குரங்கைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு
நிமிர்ந்து கேட்டார்:
"யார் இந்தக் கோ டின்?
நாம் எவ்வளவு தரவேண்டும்?"