பிடி அரிசி

ஆனிக் கடைசியில் ஆசீரின் ஆட்டோ
வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டது.
இன்ஜினைப் பிரித்துப் போட்டவன்
இன்று நாளை என்றான், பிறகு
போனை எடுப்பதையே விட்டுவிட்டான்.

சமாதானபுரத்தில் மாடி வீடு.
அடுப்புக்குப் பக்கத்தில்
மூடி இறுகாத பழைய பூஸ்ட் டப்பா.
உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அதற்குள்.
மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை
சபையிலிருந்து கனகபாய் அக்கா சாக்கோடு வருவாள்.
கல்யாணமாகி வந்த நாள்முதல் நான் தவறியதில்லை.
இதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்,
கேட்காதவர்களிடம்கூட.

அந்த மாதம்
அரிசிக்குள் போன என் கை
தானாகவே விரல்களைக் குறுக்கிக்கொண்டது.
மூன்று நாள் அப்படி. நாலாம் நாள்,
"ஏட்டி பெனினா, இனிமே நீ போடு" என்றேன்.
ஞாயிறு பள்ளியில் படிப்பதை
வீட்டிலும் செய்து பழகட்டும் என்று ஆசீரிடம் சொன்னேன்.
நல்லது என்று தலையாட்டினான்.
அவளுக்கு ஆறு வயது.
அவள் பிடி என் பிடியில் பாதிகூட வராது.
அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

அவளோ
குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள்.
பாவாடையில் துடைக்காமல் காற்றில் உலர்த்தினாள்.
கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து
அள்ளினாள். சிந்தியதை
உட்கார்ந்து ஒவ்வொரு மணியாய்ப் பொறுக்கினாள்.
"கீழ விழுந்தத ஆண்டவருக்குப் போடலாமாம்மா?"
கழுவிப் போடு என்றேன் அவசரமாக.
பருப்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டுச் சண்முகவடிவிடம் சொன்னாள்.
பால்காரரிடம் சொன்னாள்.
பள்ளி வேன் முழுக்கச் சொன்னாள்:
"எங்க வீட்ல நான்தான் ஆண்டவருக்கு அரிசி போடுதேன்."
ஆராதனை முடிந்து வெளியே வருகையில்
எஸ்தர் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு
பிள்ளையை எப்படி வளர்த்திருக்கே என்றார்.
நான் குனிந்து
என் செருப்பைத் தேடிக்கொண்டே இருந்தேன்.
அது எதிரிலேயேதான் கிடந்தது.

ரேஷனுக்கு இன்னும் நாலு நாள் இருந்த ஒரு சாயங்காலம்
பானையின் அடியில் உழக்கு இடித்தது.
அவள் கீழ்வீட்டில் டிவி பார்க்கையில்
டப்பாவைத் திறந்து
நாலு பிடி எடுத்தேன், என் கையால்.
எடுக்கும்போது கை குறுகவில்லை.

காலையில் எட்டிப் பார்த்தவள் கத்தினாள்,
சந்தோஷத்தில்.
"எம்மா! ஆண்டவர் வந்து சாப்ட்டுட்டுப் போயிருக்காரு!"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
நான்தான் எடுத்தேன் என்று வந்தது.
நேற்று ராத்திரி நீ சாப்பிட்ட சோறு அதுதான்.
உன்னைப் போடச் சொன்னதும்
உன் கை சின்னது என்பதால்தான்.

அவள் தன் கையைப் பார்த்தாள்.
விரித்து, மடக்கி, திருப்பி.
நான் பயந்த அழுகை வரவில்லை.
மன்னிப்பு மாதிரியும் ஒன்றும் வரவில்லை.
"ஆண்டவர்ட்ட சொல்லிட்டியா?"
இல்லை.
"அப்பாட்ட?"
இல்லை.
"சரி, வேன் வந்துரும். தலைய சீவிவிடு."

அன்று இரவு ஜெபத்தில் சொன்னேன், சத்தமாக.
ஆசீர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது
கண்ணை மூடியிருந்த எனக்குத் தெரிந்தது.

ஆவணியில் ஆட்டோ வந்தது,
ஹாரன் மட்டும் இல்லாமல்.
இனி அம்மா போடுகிறேன் என்றால்
டப்பாவைத் தர மாட்டேன் என்கிறாள்.
"ஒன் கை பெருசும்மா. சிந்திரும்."

அரிசிப் பானை முன்னால் நிற்கிறாள்,
கழுவிய கையை ஊதி ஊதி உலர்த்தியபடி.
போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய வளையல்
இப்போதெல்லாம்
சோப்புப் போட்டால்தான் கழல்கிறது.