இரண்டாம் கொதி

வண்டி வராது என்று தெரியும்.
ஆனாலும் நாலரைக்கு எழுகிறேன்,
போர்வையை விளிம்போடு விளிம்பு வைத்து மடிக்கிறேன்,
சீருடையை இஸ்திரி போட்டு
கம்பெனிப் பெயர் உள்ளே போகும்படி வைக்கிறேன்.

மஹ்பூலாவில் ஆறு பேருக்கு ஓர் அறை.
சம்பளம் நின்று நாலு மாதம்.
தேயிலையை இரண்டு தடவை கொதிக்கவிடலாம்;
மூன்றாவது தடவை அது வெறும் சுடுதண்ணி.
அதிலும் சீனி போட்டுக் குடிக்கிறாள் தில்லைக்கரசி,
மிச்சமிருப்பது சீனிதானாம்.

அழுவதற்கும் முறை வைத்திருக்கிறோம்:
குளியலறை ஆளுக்குப் பத்து நிமிடம்.
குழாயைத் திறந்துகொள்ள வேண்டும்.
ஒன்பதாம் நிமிடம் முகம் கழுவ.
நேற்று பியூலா இருபது எடுத்தாள்,
யாரும் கதவைத் தட்டவில்லை.

வீட்டுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் போன்.
சாப்பிட்டாயா என்றால் 'ம்' போதும்.
அனுப்பாத பணத்தை அவர்கள் கேட்கும் முன்பே
சொல்லிவிட வேண்டும்;
கேட்ட பிறகு சொன்னால்
உண்மைகூடப் பொய்போல் இருக்கிறது.

சாயங்காலம் கடற்கரை ரோட்டில் நடக்கிறோம்.
பெஞ்சுகளை எண்ணுவோம்.
கட்டடங்களை நிமிர்ந்து பார்ப்பதில்லை,
எந்தக் கண்ணாடி நான் துடைத்தது என்று
கை தேடத் தொடங்கிவிடும்.

பாக்கி தினார்களைக் காலண்டரின் பின்புறம் எழுதுகிறேன்.
வரும் என்பதால் அல்ல.
கணக்கு என் கையெழுத்தில் இருக்கட்டும்.

இன்று நாலே முக்காலுக்குக் கீழே ஹாரன்.
ஆறு பேரும் செருப்பு மாட்டிவிட்டோம்.
தண்ணி லாரி.

எழுந்தது எழுந்தாச்சு என்று
நூர்ஜமீலா அடுப்பைப் பற்றவைத்தாள்.