புள்ளி நான்கு

வைக்கேமே குன்றின் மேல் நூற்றுமுப்பது ஆண்டேடுகள்.
சாம்பல் அட்டை, முதுகில் ஆண்டு மட்டும்.
முகப்பு முத்திரையில் நாடு நாலு தடவை மாறியிருக்கிறது;
மழைக்கான கலம் இடமிருந்து ஆறாவதாகவே இருக்கிறது.
நான் அவற்றைக் கணினியில் ஏற்றுகிறவள்.
இன்று 1949.

கடைசிப் பக்கத்தில் முழு வருஷமும் ஒரே வரி:
சராசரி வெப்பநிலை 5.9. மழை 612 மில்லிமீட்டர்.
பனி கிடந்த நாட்கள் 104.
5.9 டிகிரியில் இங்கே எவரும் வாழ்ந்ததில்லை.
ஜனவரியில் மூக்கு விறைத்தார்கள்,
ஜூலையில் சட்டையைக் கழற்றிப் புல் அறுத்தார்கள்.

மார்ச் 25, காலை ஏழு மணி.
எல்மார் கூசிக்கின் சாய்ந்த கையெழுத்து:
மைனஸ் 2.3. மேற்குக் காற்று. பார்வைத் தூரம் நன்று.
அதே நாள், மதியம் ஒரு மணி.
வேறு கை.

ஏழுக்கு நடுவில் கோடு கிழிக்காத கை.
பூஜ்யத்தைக் கீழிருந்து சுழிக்கும் கை.
பத்தில் ஒரு பங்கு பார்க்கத் தெரியாமல்
2, 1, 0, 3 என்று முழுசு முழுசாய் எழுதிப்போகும் கை.
கணினி சிவப்பு காட்டுகிறது: ஐயத்துக்குரியது.
"நீக்கிவிடு" என்கிறான் ரைவோ, காப்பியை ஊதியபடி.
"இது அளவு இல்லை, குத்துமதிப்பு."

சம்பளப் பதிவேட்டில் தேடினேன்.
ஹெல்யு புடர். பால் கூட்டுறவு, வெண்ணெய்ப் பிரிவு.
வெண்ணெய்க்குப் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு;
புள்ளிக்கு அப்பால் அங்கே யாருக்கு என்ன வேலை?
யார் அழைத்தார்கள், சாவியை யார் கொடுத்தார்கள், தெரியவில்லை.
ஒரு வேளைகூடத் தவறவில்லை, அது தெரிகிறது.

குறிப்புக் கலத்தில் யாரும் கேட்காத வரிகள்.
ஏப்ரல் 3: கொக்குகள் வந்தன. பதினேழு.
மே 19: மழைமானிக்குள் நத்தை. எடுத்து விட்டேன். கொஞ்சம் குடித்திருக்கலாம்.
டிசம்பர் 24: காற்றில்லை. ஒன்றுமே இல்லை.

இப்படியே ஏழு ஏடுகள்.
பிறகு 1956, ஆகஸ்ட் 11, காலை ஏழு மணி:
17.6.
சாய்ந்த கையெழுத்து. ஆறின் வயிறு மட்டும் நடுங்கியிருக்கிறது.
எங்கே இருந்தார், எப்படி வந்தார், ஒரு சொல் இல்லை.
கருவிக் கூண்டின் வெண்சாயம் உரிந்திருந்ததாம்.
மூன்று நாள் வேறொரு வெப்பமானியை அருகில் வைத்துப் பார்த்துவிட்டு
பென்சிலில் எழுதியிருக்கிறார்:
"49 மார்ச் முதலான எண்கள் நம்பத்தக்கவை.
0.4 கழித்துக்கொள்ளவும்."

அதற்குக் கீழே, அதே பென்சில், இன்னும் சிறிதாக:
"பாதரசம் உறைவதைப் பார்த்தேன். புத்தகத்தில் சொன்னபடிதான்."

வைக்கேமேயில் பாதரசம் உறைந்த நாளென்று
நூற்றுமுப்பது ஏடுகளிலும் ஒன்று கிடையாது.

ரைவோ பக்கத்தை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தான்.
காப்பியின் மேல் ஆடை படிந்தது.
"அந்த வருஷத்தில் ஒன்பது மாதம்தானே" என்றான் கடைசியில்,
"5.6 வரும்."
வந்தது, 5.6.

ஒரே கட்டளையில் எட்டாயிரத்துச் சொச்சம் சிவப்பும் அணைந்தது.
இரண்டு நொடி.
கொக்குக்கு மட்டும் கலம் இல்லை.
பதினேழை எங்கே இடுவது என்று கேட்டு
தாலினுக்கு எழுதியிருக்கிறேன்.